உங்கள் முகவரியில் எவ்வளவு நுண்துகள்? அந்த எண் வரும் வழி

உங்கள் வீட்டு வாசலில் காற்று மாசை யாரும் அளப்பதில்லை. ஆனாலும் நீங்கள் ஒரு மருத்துவ ஆய்வில் சேர்ந்திருந்தால், உங்கள் பெயருக்கு நேரே ஓர் எண் எழுதப்பட்டிருக்கும்: ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்று, பல மாத அல்லது பல ஆண்டுச் சராசரியாக. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், எடை குறைந்து பிறக்கும் குழந்தை எனக் காற்று மாசோடு இணைத்துப் பேசப்படும் முடிவுகள் பெரும்பாலும் இத்தகைய எண்களின் மேல்தான் நிற்கின்றன. அந்த எண் அளந்து எழுதியதன்று, கணித்து எழுதியது. கணித்த விதத்தைப் பொறுத்து ஒரு நகரத்தில் மாசு செய்யும் தீங்கு முழுதாகத் தெரியலாம், பாதி மறைந்தும் போகலாம். அதனால்தான் இந்தக் கணக்கின் உள்விவரம் நிபுணர்களுக்கு மட்டும் உரியதாக இருந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

இங்கே நுண்துகள் என்று சொல்வது 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டம் கொண்ட துகளை, செய்திகளில் பி.எம். 2.5 என்று வருவது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை போகக்கூடியது. அதன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. 2005இல் அது சொன்ன அளவு 10. இந்தியா 2009இல் வகுத்த வரம்பு 40.

ஆரம்பத்தில் இந்தக் கணிப்பு மிக எளிமையாக இருந்தது: ஊருக்கு ஓர் எண். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நகரத்திலும் மையமான ஓர் இடத்தில் கருவி வைக்கப்பட்டது. அது காட்டிய சராசரியே அந்த ஊரில் ஆய்வில் இருந்த அத்தனை பேருக்கும் உரிய எண் ஆயிற்று. எஃகு ஆலைகள் நிறைந்த ஒஹாயோ மாநில ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம், விஸ்கான்சின் மாநிலத்தின் போர்ட்டேஜ் என்ற சிற்றூரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. வயது, புகைப்பழக்கம், கல்வி, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நின்றது. தொழில்துறை கடுமையாக எதிர்த்தது. மூலத் தரவை வாங்கித் தனியாக மறுபடி ஆராய்ந்த இன்னொரு குழுவும் 2000இல் அதே முடிவுக்குத்தான் வந்தது. 1997இல் அமெரிக்கா முதன்முறையாக பி.எம். 2.5க்கு வரம்பு விதித்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஆறு ஊருக்கு ஆறே எண்கள். ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் ஊரின் மறுகோடியில் இருப்பவருக்கும் ஒரே எண். ஊருக்குள்ளே இருக்கும் வேறுபாடு இந்தக் கணக்கில் வரவே இல்லை. அது வந்தால் என்ன ஆகும் என்பதை 2005இல் லாஸ் ஏஞ்சலஸ் காட்டியது. அங்கே 23 நிலையங்களின் அளவுகளை வைத்து, இடைப்பட்ட இடங்களுக்கு எல்லாம் மதிப்புக் கணித்து, 22,905 பேருக்கு அவரவர் அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்கு ஏற்ற எண்ணைக் கொடுத்தார்கள். இடைவெளிகளை நிரப்பப் பயன்பட்ட முறைக்குக் கிரிகிங் என்று பெயர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில், துளையிட்ட சில இடங்களின் மாதிரியை வைத்துத் துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க டேனி கிரிகே என்ற சுரங்கப் பொறியாளர் தொடங்கிவைத்த வழி அது. லாஸ் ஏஞ்சலஸில் கிடைத்த விடை ஆய்வுலகத்தை உலுக்கியது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு அபாயம் 17 சதவீதம் கூடியது. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒப்பிட்ட முந்தைய கணக்குகள் காட்டியதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வறுமை, வேலையின்மை போன்ற வட்டாரக் காரணிகளை எல்லாம் சேர்த்துக் கழித்தபோது அது 11 சதவீதத்தின் அருகே வந்தது. அப்போதும் பழைய மதிப்பைவிட அதிகம்தான். நியூயார்க்கில் இதே முயற்சியைச் செய்தபோது இவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. அங்கே நகருக்குள் நுண்துகள் அளவு இடத்துக்கு இடம் அதிகம் மாறவில்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லை.

எண்ணைத் துல்லியமாக்கினால் தீங்கு ஏன் பெரிதாகத் தெரிய வேண்டும்? பிழை எப்படிப்பட்டது என்பதில் விடை இருக்கிறது. உண்மையில் 30 மைக்ரோகிராம் காற்றில் வாழ்பவருக்கு 45 என்றும், 60இல் வாழ்பவருக்கு 45 என்றும், 40இல் வாழ்பவருக்கு 55 என்றும் தாறுமாறாக எண்கள் விழுந்தால், அதிக மாசில் இருப்பவர் யார், குறைந்த மாசில் இருப்பவர் யார் என்ற வரிசையே கலைந்துவிடும். நோய்க்கும் மாசுக்கும் உள்ள தொடர்பு உண்மையில் வலுவாக இருந்தாலும் கணக்கில் தளர்ந்து தெரியும். இரண்டாவது வகைப் பிழை வேறு. ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் அந்த வட்டாரத்தின் சரியான சராசரியைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொருவரின் உண்மை அளவும் அந்தச் சராசரியைச் சுற்றி மேலும் கீழும் சிதறியிருக்கும். அப்போது தொடர்பின் வலு அவ்வளவாகக் குறையாது. ஆனால் விடையின் நிச்சயம் குறையும், இன்னும் அதிகம் பேரை ஆய்வில் சேர்க்க வேண்டியிருக்கும். ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. மூன்றாவது வகைதான் ஆபத்தானது: பிழை ஒரு சாராருக்கு மட்டும் ஒரே திசையில் விழுவது. ஆலைகளுக்கும் குப்பைக் கிடங்குகளுக்கும் அருகே நிலையமே வைக்காமல் தூரத்து நிலையத்தின் எண்ணை அங்கே வாழ்பவர்களுக்குப் போட்டால், அவர்கள் சுமக்கும் மாசு ஆண்டுதோறும் குறைத்தே எழுதப்படும். எந்தப் புள்ளியியல் நுணுக்கத்தாலும் அதைப் பிறகு சரிசெய்துவிட முடியாது.

நிலையங்களுக்கு இடையே வெறும் தூரத்தை வைத்து நிரப்புவதில் ஒரு குறை உண்டு. அந்த முறைக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலை தெரியாது. அதற்கு மாற்றாக ஐரோப்பாவில் வளர்ந்ததுதான் நிலப்பயன்பாட்டை வைத்துக் கணிக்கும் முறை. 1990களில் ஆம்ஸ்டர்டாம், ஹடர்ஸ்ஃபீல்டு, பிராக் ஆகிய மூன்று நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்காக முதலில் செய்து பார்த்தார்கள். அதன் மிக விரிவான வடிவம் எஸ்கேப் என்ற ஐரோப்பியத் திட்டத்தில், 2008க்கும் 2011க்கும் இடையே நடந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முகவரிக்கு எண் கொடுக்கும் வேலையின் உள்ளும் புறமும் அதில் தெரிகிறது.

ஒரு பகுதியில் 20 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சில இடங்கள் நெரிசலான சாலையோர வீடுகள், சில உள்தெரு வீடுகள், சில நகருக்கு வெளியே. எல்லா இடத்திலும் ஆண்டு முழுக்க அளக்கும் அளவுக்குக் கருவிகள் இல்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் குளிர்காலத்தில் இரண்டு வாரம், கோடையில் இரண்டு வாரம், இடைப்பருவத்தில் இரண்டு வாரம் என்று மூன்று முறை காற்றை வடிதாளில் இழுத்து, வடிதாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் ஆண்டு முழுவதும் கருவி ஓடியது. மற்ற இடங்களில் அளந்த வாரங்கள் வழக்கத்தைவிட மாசு மிகுந்தவையா குறைந்தவையா என்பதை அந்த ஒரே இடத்தின் தொடர் அளவை வைத்துத் திருத்திக்கொண்டார்கள். பிறகு வரைபடம். ஒவ்வோர் இடத்தையும் சுற்றி 50 மீட்டர், 100 மீட்டர், 500 மீட்டர் என்று வட்டங்கள் வரைந்து, அவற்றுக்குள் எவ்வளவு நீளச் சாலை இருக்கிறது, நாளுக்கு எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன, எத்தனை பேர் வசிக்கிறார்கள், துறைமுகமோ தொழிற்பேட்டையோ பசுமைப் பரப்போ உண்டா என்று கணக்கெடுத்தார்கள். இவற்றில் எவை அளந்த மாசை நன்றாக விளக்குகின்றனவோ அவற்றைக் கொண்டு ஒரு சமன்பாடு. அந்தச் சமன்பாட்டில் எந்த வீட்டின் விவரத்தைப் போட்டாலும் ஓர் எண் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு காரணியும் எந்தத் திசையில் வேலை செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். போக்குவரத்து கூடினால் மாசு கூட வேண்டும். பசுமை கூடினால் குறைய வேண்டும். ஒரு காரணி தலைகீழாக வந்தால், சமன்பாடு அதனால் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் தூக்கிவிட்டார்கள். வெறும் 20 இடங்களையும் பல டஜன் காரணிகளையும் வைத்து விளையாடினால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஓர் இடத்தை மறைத்துவைத்து, மற்ற 19 இடங்களைக் கொண்டு அதைக் கணித்து, உண்மையோடு ஒப்பிட்டார்கள். இப்படி ஒவ்வோர் இடமாக. இந்தச் சோதனைகூடக் குறைந்த இடங்களோடு செய்யும்போது கணிப்பின் திறமையைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும் என்பது பின்னர் தெரிந்தது.

பி.எம். 2.5இன் இடத்துக்கு இடமான வேறுபாட்டில், நடுத்தரமாக 71 சதவீதத்தை இந்தச் சமன்பாடுகள் விளக்கின. சில பகுதிகளில் 35 சதவீதமே. அதே வடிதாள்களின் கருமையை வைத்து அளந்த புகைக்கரியிலோ 89 சதவீதம். இந்த இடைவெளிக்குக் காரணம் துகளின் பிறப்பில் இருக்கிறது. கரி பெரும்பாலும் டீசல் வண்டியிலிருந்து அங்கேயே வருகிறது. சாலையை அறிந்த வரைபடத்துக்குக் கரியும் தெரியும். பி.எம். 2.5 அப்படியன்று. அதில் ஒரு பெரும் பகுதி புகைபோக்கியிலிருந்து துகளாக வருவதே இல்லை. அனல்மின் நிலையத்தின் கந்தக டை ஆக்சைடு காற்றில் மிதந்து செல்லும் வழியில் சல்பேட்டாக மாறுகிறது. வாகன நைட்ரஜன் ஆக்சைடுகள் வயல்களிலிருந்து எழும் அம்மோனியாவோடு சேர்ந்து நைட்ரேட் ஆகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புறப்பட்ட மாசு, ஊர் முழுவதும் ஏறத்தாழச் சமமாகப் பரவி நிற்கிறது. சாலையோரத்தில் அதன்மேல் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவே. நெடுஞ்சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளிப்போனாலே, 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறியதான மிகநுண் துகள்களின் எண்ணிக்கை சுற்றுப்புற அளவுக்கு இறங்கிவிடும் என்று லாஸ் ஏஞ்சலஸ் அளவீடுகள் 2002இல் காட்டின. பி.எம். 2.5இன் எடை அப்படிச் சரிவதில்லை.

ஆகவே 25 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து வண்ணம் தீட்டிய பி.எம். 2.5 வரைபடத்தைப் பார்த்தால் நான் தயங்குவேன். அந்த நுணுக்கம் பெரும்பாலும் சாலை வரைபடத்தின் நுணுக்கம், காற்றினுடையது அன்று. கரிக்கும் மிகநுண் துகளுக்கும் அந்த நுணுக்கம் உண்மையிலேயே தேவை. எஸ்கேப் எண்களைக் கொண்டு 22 ஆய்வுகளின் 3,67,251 பேரை ஆராய்ந்தபோது, நுண்துகள் 5 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு அபாயம் 7 சதவீதம் கூடுவது தெரிந்தது. ஐரோப்பாவின் அன்றைய வரம்பான 25 மைக்ரோகிராமுக்குக் கீழே வாழ்ந்தவர்களிடமும் அந்தத் தொடர்பு இருந்தது.

இந்தியாவில் இதே வழியில் போக முயன்றால் முதல் தடை, வாகன எண்ணிக்கை. எந்தச் சாலையில் நாளுக்கு எத்தனை லாரி ஓடுகிறது என்ற பதிவு நெதர்லாந்தில் கிடைப்பதுபோல இங்கே கிடைப்பதில்லை. விறகடுப்பு, குப்பை எரிப்பு, செங்கல் சூளை, டீசல் ஜெனரேட்டர் ஆகியவை எந்த நிலப்பயன்பாட்டு வரைபடத்திலும் இல்லை. ஐதராபாத்தை ஒட்டிய 28 கிராமங்களில் ஒரு பன்னாட்டுக் குழு இந்த முறையைச் செய்து பார்த்தது. மக்களின் உடலிலேயே சிறு கருவிகளைப் பொருத்தி, அணிந்துகொள்ளும் கேமராவையும் கொடுத்து, யார் எப்போது எந்தப் புகைக்கு அருகே இருந்தார்கள் என்றும் பார்த்தது. அப்படிப்பட்ட ஆய்வுகள் இங்கே மிகக் குறைவு.

நாடு முழுவதற்கும் என்று வரும்போது செயற்கைக்கோளை நாட வேண்டியிருக்கிறது. நாசாவின் டெர்ரா, அக்வா கோள்களில் உள்ள மோடிஸ் கருவி, தரைக்கும் தனக்கும் இடையே உள்ள காற்றுத்தூண் முழுவதிலும் தூசி எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று பார்க்கிறது. அது நம் மூக்கின் உயரத்தில் உள்ள அளவு அன்று. தூசி தரையோடு அடங்கிக் கிடக்கிறதா, இரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலந்து பரவியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வானிலை, ஈரப்பதம், காற்று கலக்கும் உயரம், சாலை, மக்கள்தொகை எல்லாவற்றையும் சேர்த்து, தரை நிலையங்களின் அளவோடு பொருத்திக் கணினியைப் பழக்குகிறார்கள். 2008 முதல் 2020 வரை இந்தியா முழுமைக்கும், ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களில், நாள்தோறுமான பி.எம். 2.5 கணிப்பு இப்படித்தான் உருவாகி 2024இல் வெளியானது.

அந்தக் கோள்கள் நம் தலைக்குமேல் கடந்த நேரம் காலை 10.30 மணி அளவும் பிற்பகல் 1.30 மணி அளவும். போகிப் பண்டிகையன்று சென்னையில் விடியலுக்கு முன்பே பழைய பொருள்களையும் டயரையும் கொளுத்துவதால் எழும் புகை, பனியோடு சேர்ந்து விமானங்களையே திருப்பிவிட வைத்த ஆண்டுகள் உண்டு. வெயில் ஏறி, கடற்காற்று உள்ளே வந்த பிறகு எடுத்த படத்தில் அதன் உச்சம் பதிவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்து நாள்கணக்கில் படமே இருக்காது. மழை நாள்களில் காற்று கழுவப்பட்டுத் தெளிவாக இருப்பதால், படம் கிடைத்த நாள்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் மாசு மிகையாகத் தெரியும். இந்த இடைவெளிகளை வேறு கணிப்புகளால் நிரப்பியாக வேண்டும். கணிப்பின்மேல் கணிப்பு.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் இந்தக் கணிப்பு பயன் தந்திருக்கிறது. டெல்லி, சென்னை ஆகிய இரண்டு நகரங்களிலும் பெரியவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வில், அவரவர் வீட்டுக்கு உரிய நுண்துகள் மதிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 22 சதவீதம் கூடுகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். இந்தியாவின் பத்து நகரங்களில் தினசரி இறப்பை ஆராய்ந்து 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், காற்று ஒப்பீட்டளவில் சுத்தமான சென்னை, பெங்களூரு, மும்பை, சிம்லா ஆகியவற்றில் மாசு ஒவ்வொரு படி கூடும்போதும் அபாயம் டெல்லியைவிடச் செங்குத்தாக ஏறியது தெரிந்தது. கடற்காற்று இருக்கிறது, நமக்கு என்ன என்று சென்னையில் பலரும் நினைப்பது சரியன்று.

முகவரி என்ற சொல் ஆய்வுக் கட்டுரைகளில் எளிதாக வந்துவிடுகிறது. சென்னைத் தெருவில் ஒரே வீட்டுக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கின்றன. கிராமத்தில் மாரியம்மன் கோவிலுக்குப் பின்புறம், கூட்டுறவுக் கடைக்கு எதிரே என்பதே முகவரி. முகவரியைக் கணினியில் போட்டு அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்கும்போது சில நூறு மீட்டர் விலகுவது இயல்பு. நுண்துகளுக்கு அது பெரிய இழப்பன்று. சாலையோரக் கரியைப் பற்றிய ஆய்வுக்கு அது ஆய்வையே கெடுத்துவிடும். நேரில் வீட்டுக்குப் போகும் களப்பணியாளர் ஜி.பி.எஸ். குறித்துக்கொள்வதே நம்பகமான வழி. வாடகை வீடு மாறுபவர்களின் பழைய முகவரிகளையும் கேட்டு வாங்க வேண்டும். பத்தாண்டு நோயை இன்றைய வீட்டின் காற்றோடு பொருத்துவது பொருத்தமில்லாத கணக்கு.

வீட்டுக்கு வெளியே உள்ள காற்றைக் கணித்துவிட்டு, வீட்டுக்குள் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கர்கள் நாளில் 87 சதவீத நேரத்தைக் கட்டடங்களுக்குள் கழிக்கிறார்கள் என்று அங்கே நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. சன்னலை மூடிக் குளிரூட்டி ஓடும் வீட்டில் வெளி நுண்துகளின் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஆண்டு முழுவதும் சன்னல் திறந்தே கிடக்கும் நம் வீடுகளில் அநேகமாக முழுவதும் வந்துவிடும். அந்த வகையில் வெளிக்காற்றுக் கணிப்பு நமக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. உள்ளேயே பிறக்கும் புகை வேறு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வெளிக்காற்று ஆய்வுகள் இதை வேண்டுமென்றே தனியாக வைக்கின்றன. அரசு வரம்பு விதித்துக் கட்டுப்படுத்தக்கூடியது ஆலையையும் வாகனத்தையும்தான் என்பதால், அவற்றின் பங்கைத் தனியாக அறிய வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே அதிக நேரம் இருக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த எண் நன்றாகப் பொருந்தும். நாளெல்லாம் ஆட்டோ ஓட்டுபவருக்கு வீட்டு முகவரி பாதி உண்மையைத்தான் சொல்லும்.

மலிவான லேசர் கருவிகளால் இடைவெளியை நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. ஒரு பகுதி உண்மை. ஆனால் ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, கருவி மிகையாகக் காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பே இத்தகைய கருவிகளின் அளவை ஈரப்பதத்தைச் சேர்த்துத் திருத்திய பிறகுதான் தன் தீ, புகை வரைபடத்தில் காட்டுகிறது. கடலோர ஊர்களில் அந்தத் திருத்தத்தை உள்ளூரிலேயே செய்ய வேண்டும்.

கணினி எவ்வளவு கற்றாலும், அது கற்பது நிலையங்கள் இருக்கும் இடத்திலிருந்துதான். இந்தியாவில் கைமுறையாக இயங்கும் நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளப்பது என்ற விதியில் ஓடுகின்றன. தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில். சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் தொடங்கி, பிறகு கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடி என்று கூடின. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சியின் குப்பைக் கிடங்குகள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பல நாள் எரிந்தது. வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், நிலக்கரி இறக்கும் துறைமுகம் ஆகியவற்றுக்கு நடுவே வாழும் எண்ணூர்க் குடியிருப்புகளுக்கும் காட்டுக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களுக்கும், ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி எவ்வளவு பொருந்தும் என்பது அங்கேயே அளந்தால்தான் தெரியும்.

காற்று மாசை மட்டும் காரணமாகக் காட்டி மரணத்தோடோ நோயோடோ நேரடியாக இணைக்கும் முடிவான தரவு நாட்டில் இல்லை என்ற பதில் நாடாளுமன்றத்தில் பலமுறை தரப்பட்டிருக்கிறது. எந்த ஒரு தனி மனிதரின் மரணச் சான்றிதழிலும் நுண்துகள் என்று எழுதப்போவதில்லை என்ற அளவில் அது சரி. லட்சக்கணக்கான முகவரிகளுக்குக் கணித்த எண்களை வைத்து அபாயம் எவ்வளவு கூடுகிறது என்று காண்பதற்குத்தான் மேலே சொன்ன முறைகள் எல்லாம் இருக்கின்றன. 2009 முதல் 2019 வரை 655 இந்திய மாவட்டங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, 10 மைக்ரோகிராமுக்கு இறப்பு 8.6 சதவீதம் கூடுவதைக் காட்டியது. கணிப்பு மோசமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி முடிவைத் தள்ளுபவர்கள், தாறுமாறான பிழை பெரும்பாலும் தீங்கைக் குறைத்தே காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஸ்கேப் செய்ததை எண்ணூரிலிருந்து மணலி வரையிலான பகுதியில் செய்வதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். 20 வீடுகள், வடிதாள் கருவிகள் சில, ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு நிலையம், முக்கியச் சாலைகளில் லாரிகளை எண்ண ஆட்கள். கடற்காற்று வலுவாக வீசும் கோடையில் இரண்டு வாரம், வடகிழக்குப் பருவமழையின்போது இரண்டு வாரம், பனி இறங்கும் தையில் இரண்டு வாரம் அளந்தால் போதும். வடிதாள்களைப் பத்திரப்படுத்தினால் பிறகு அவற்றிலிருந்தே கரி எவ்வளவு, நிக்கலும் வனேடியமும் எவ்வளவு என்று பார்க்கலாம். கனரக எண்ணெய் எரிப்பின் அடையாளம் அந்த இரண்டு உலோகங்களில் தெரியும்.